ராக் டிரம்மர்களை எப்படி ஒப்பிடுவது? தருமபுரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம், ஓசூர் என்று பல பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஸ்டிக்கைச் சரியாகப் பிடிக்கக் கற்பதற்கு முன்னாலேயே "அவர் பெரியவரா, இவர் பெரியவரா" என்ற சண்டை ஆரம்பித்துவிடும். எனக்கு அந்தச் சண்டை பிடிக்கும். சண்டை போட வேண்டுமென்றால் பாட்டைக் கவனித்துக் கேட்டே ஆக வேண்டும், இல்லையா? மாணவர்கள், பெற்றோர்கள், கச்சேரி முடிந்து வந்து பேசுகிறவர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

மாஸ்டர், ராக்கில் நம்பர் ஒன் டிரம்மர் யார்?

"எந்த பேண்டில்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். டிரம்மரைத் தனியாகப் பிரித்தெடுத்து அளக்க முடியாது. பக்கத்தில் பேஸ் கிட்டார்காரர் என்ன வாசிக்கிறார், கிட்டார் எவ்வளவு இடம் விடுகிறது, பாடுபவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் செய்வது புரியும்.

ஏசி/டிசி பேண்டின் ஃபில் ரட் ஒரே நேர்க்கோட்டில் வாசிப்பவர். 1980-இல் வந்த 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தைக் கேளுங்கள். ஃபில் (நடைக்கு நடுவில் போடும் சின்ன அலங்கார உருட்டல்) என்று சொல்லும்படி எதுவும் அதிகம் இருக்காது. ஆனால் அந்தக் கிட்டார் ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குக்கு) அந்த நேர்க்கோடுதான் வேண்டும். அங்கே தி ஹூ பேண்டின் கீத் மூனை உட்கார வைத்தால் பாட்டு சிதறிப்போகும். ஃபில் ரட்டைக் கொண்டுபோய் தி ஹூவில் உட்கார வைத்தால் அந்தப் பாட்டில் பாதி உயிர் போய்விடும். இரண்டு பேரும் பெரிய ஆட்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சொந்த விருப்பத்தைக் கேட்டால் லெட் செப்பலின் பேண்டின் ஜான் பான்ஹம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அப்புறம் எதை வைத்துத்தான் ஒப்பிடுவது?

ஒரே பாட்டை இரண்டு டிரம்மர்கள் வாசித்த பதிவு கிடைத்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கீத் மூன் 1978-இல் இறந்த பிறகு தி ஹூவுக்குக் கென்னி ஜோன்ஸ் வந்தார். 1996-இலிருந்து ஸாக் ஸ்டார்கி வாசித்தார். இவர் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் மகன். ஒரே பாட்டை மூன்று பேர் கையிலும் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கென்னி ஜோன்ஸ் தாளத்தை ஒழுங்காகப் பிடித்து நடத்துகிறார், ஆனால் பாட்டு கொஞ்சம் அடங்கிவிடுகிறது. ஸாக் வந்ததும் பழைய கொந்தளிப்பு திரும்புகிறது.

அயர்ன் மெய்டனும் நல்ல பாடம். 1982-இல் வந்த 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' ஆல்பத்தில் வாசித்தவர் கிளைவ் பர். அடுத்த ஆண்டு வந்த 'பீஸ் ஆஃப் மைண்ட்' ஆல்பத்திலிருந்து நிக்கோ மெக்பிரெயின். கிளைவ் பர்ரின் பாட்டுகளை நிக்கோ மேடையில் வாசித்த பதிவுகள் நிறைய இருக்கின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். லெட் செப்பலினுக்கு 2007 டிசம்பர் 10 அன்று லண்டனில் நடந்த கச்சேரி இருக்கிறது. அதில் பான்ஹமின் இடத்தில் அவருடைய மகன் ஜேசன் உட்கார்ந்து வாசித்தார்.

கேட்கும்போது முதலில் ஹை-ஹேட்டை (பெடலில் திறந்து மூடும் ஜோடித் தட்டு) மட்டும் கவனியுங்கள், பிறகு கிக் டிரம்மை (தரையில் நிற்கும் பெரிய டிரம்) பெடலால் அடிக்கும் காலை, கடைசியாக ஸ்நேரை (முன்னால் இருக்கும் சடசடக்கும் டிரம்). ஃபில்லைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். இரண்டு ஃபில்லுக்கு நடுவில் அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் ஆள் தெரிகிறார்.

பான்ஹமா, கீத் மூனா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பான்ஹம் கிட்டார் ரிஃபைப் பிடித்துக்கொண்டு வாசிப்பவர். ஜிம்மி பேஜ் கிட்டாரில் எங்கே அழுத்துகிறாரோ அங்கே பான்ஹமின் கால் இறங்கும். அந்தக் காலைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். 1969-இல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்'. அதில் கிக் டிரம்மில் ஒரு துள்ளல் வரும். அதைப் புரிந்துகொள்ள "தகிட தகிட" என்று வேகமாக வாயால் சொல்லிப் பாருங்கள். 'த' வரும் இடத்தில் காலுக்கு வேலையில்லை, அது கையோடு போய்விடும். 'கிட' இரண்டும் காலில். அதுவும் ஒரே பெடலில், ஒரே காலால். மெதுவாகச் செய்தால் ஒன்றுமில்லை போலத் தெரியும். பாட்டின் வேகத்துக்கு வரும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது அடி முதல் அடியைவிடக் கொஞ்சம் பலமாக விழ வேண்டும், அதுதான் கஷ்டம். என் மாணவர்களில் பலர் முதல் அடியில் பலத்தையெல்லாம் கொட்டிவிட்டு இரண்டாவதில் தொய்ந்துவிடுகிறார்கள்.

அவர் பயன்படுத்திய கிக் டிரம் 26 அங்குலம். இன்று கடையில் கிடைக்கும் சாதாரண ராக் கிட்டில் (டிரம் செட்டில்) 22 அங்குலம்தான் இருக்கும். அவ்வளவு பெரிய டிரம்மை அவ்வளவு வேகமாகப் பேச வைத்தார் என்பதில்தான் பெருமை. தனி ஆவர்த்தனம் போன்ற சோலோக்களில் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையாலும் வாசிப்பார்.

கீத் மூன் நேர் எதிர். ரொம்ப நாள் ஹை-ஹேட்டையே பெரிதாகக் கண்டுகொள்ளாமல் வாசித்தவர். சிம்பல் என்ற உலோகத் தட்டுகளும் டாம் என்ற உருட்டும் டிரம்களும்தான் அவருக்கு எல்லாம். பாடுபவரும் கிட்டாரும் போகும் பாதையில் கூடவே ஓடுவார், சில நேரம் முன்னாலும் ஓடுவார். "தாளம் பிடிக்கத் தெரியாதவர்" என்று சிலர் சொல்கிறார்கள். அது தப்பு. அந்த பேண்டில் தாளத்தைத் தாங்கியது பீட் டவுன்ஷெண்டின் ரிதம் கிட்டார். ஜான் என்ட்விஸ்லின் பேஸும் லீட் கிட்டார் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் மூனுக்குக் கதை சொல்லும் வேலை கிடைத்தது. 1971-இல் வந்த 'வோன்ட் கெட் ஃபூல்ட் அகெய்ன்' பாட்டுக்கு மேடையில் முன்பே பதிவு செய்த சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) டேப் ஓடும். மூன் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அதோடு ஒட்டி வாசித்தார். தாளத்தில் நின்று அடிக்கவும் அவருக்குத் தெரியும் என்பதற்கு அது போதும்.

நம் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு மூன் சீக்கிரம் பிடிபடுவார். வேஷக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வரும்போது மத்தளக்காரரின் கண் அவர் காலில்தான் இருக்கும். அடவுக்கு அடவு பதில் சொல்லிக்கொண்டே போவார். மூன் வாசிப்பதும் அந்த வகை. பான்ஹமைக் கேட்கும்போது எனக்குச் சாமி ஊர்வலத்தின் முன்னால் போகும் மேளம்தான் நினைவுக்கு வரும். கூட்டம் முழுக்க அந்த நடைக்கு வந்துவிடும். இரண்டு வேலையும் வேண்டும்தான். ஆனால் ஒன்றை எடு என்றால் நான் நடத்துகிறவரையே எடுப்பேன்.

பான்ஹம் 1980-இல் 32 வயதில் இறந்தார். லெட் செப்பலின் வேறு ஆளைப் போடாமல் பேண்டையே நிறுத்திக்கொண்டது. கீத் மூனும் 32 வயதில்தான் போனார்.

ரிங்கோ சாதாரண டிரம்மர்தானே? பீட்டில்ஸில் இருந்ததால் பேர் வாங்கினார், அவ்வளவுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னிக்கவும்.

ரிங்கோ இடக்கைக்காரர். ஆனால் கிட்டை வலக்கைக்காரர் மாதிரி அடுக்கி வாசித்தார். அதனால் மற்றவர்கள் ஸ்நேரிலிருந்து ஆரம்பித்து டாம்களைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போகும் ஃபில் அவருக்குச் சுலபமாக வராது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழும், கை வேறு பக்கம் திரும்பும். அந்தத் தடங்கலே அவருக்கு ஒரு பாணியாகிவிட்டது. 'கம் டுகெதர்' பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த உருட்டலைப் போல வாசிக்க முயன்று பாருங்கள். நோட் எல்லாம் சரியாக விழும், ஆனால் ரிங்கோ மாதிரி இருக்காது. 1968-69 வாக்கில் டிரம் மேல் துண்டு போட்டு மூடி சத்தத்தை அடக்கியும் வாசித்தார். பீட்டில்ஸ் பதிவுகளில் அவர் சோலோ வாசித்தது ஒரே ஒரு பாட்டில்தான், 1969-இல் வந்த 'தி எண்ட்'.

ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸும் இதே வரிசை. 2021-இல் 80 வயதில் இறந்தார். ஜாஸ் மேல் உயிர். வீடியோவில் அவருடைய வலது கையைப் பாருங்கள். இரண்டாவது, நாலாவது எண்ணிக்கையில் இடது கை ஸ்நேரில் இறங்கும்போது, வலது கை ஹை-ஹேட்டை அடிக்காமல் மேலே தூக்கிக்கொள்ளும். சாதாரணமாக எல்லாரும் இரண்டையும் சேர்த்துத்தான் அடிப்பார்கள். அவர் தூக்குவதால் ஸ்நேர் தனியாக, சுத்தமாகக் கேட்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துளி காற்று நுழையும். அந்த பேண்டின் நடையில் உள்ள அலட்சியமான அசைவுக்கு இது ஒரு முக்கியமான காரணம் என்று நான் நம்புகிறேன்.

டபுள் பெடல் (இரண்டு காலாலும் கிக் டிரம் அடிக்கும் இரட்டைப் பெடல்) வாங்காமல் மெட்டல் (கனமான, வேகமான ராக்) வாசிக்க முடியாதா?

முடியும். நிக்கோ மெக்பிரெயின் அயர்ன் மெய்டனில் ஒற்றைப் பெடலிலேயே பெரும் பகுதி வாசித்தவர். 'வேர் ஈகிள்ஸ் டேர்' பாட்டில் அவருடைய கால் செய்வதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

டபுள் பெடலுக்கு அதற்கென்று இடம் உண்டு. மெட்டாலிக்காவின் 'ஒன்' பாட்டில், 1988, கிட்டார் துப்பாக்கி சுடுகிற மாதிரி வாசிக்கும்போது லார்ஸ் உல்ரிக் இரண்டு காலாலும் அதே கணக்கை அடிக்கிறார். அங்கே அது தேவை. ஸ்லேயரின் டேவ் லொம்பார்டோவுக்கு இரண்டு காலும் இரண்டு கை போல. ஆனால் ஒற்றைக் காலில் சமமாக அடிக்க வராதவர் இரண்டாவது பெடல் வாங்கினால் கோளாறும் இரட்டிப்பாகும். முதலில் மெட்ரோனோம் (சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவி) வாங்குங்கள். போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

வேகமாக வாசிப்பவர்தானே பெரியவர்?

இல்லை.

எங்கள் வீட்டில் பம்பை வாசிப்பார்கள். அதிலிருந்து டிரம்ஸுக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். நம் மாவட்டங்களில் அங்காளம்மன், மாரியம்மன், திரௌபதியம்மன் திருவிழா எதுவும் பம்பை இல்லாமல் நடக்காது. இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் வாசிக்கும் கைக்கு ஸ்நேர் ரோல் ஒரு பொருட்டே இல்லை. பறை வாசித்தவர்களும் அப்படித்தான். பறையில் இரண்டு குச்சியும் வேறு வேறு. ஒன்று மெலிந்து நீண்டது, இன்னொன்று குட்டையாகத் தடித்தது. இரண்டு கையும் இரண்டு வேலை செய்து பழகியிருக்கும். அது டிரம் கிட்டுக்குப் பெரிய சொத்து.

புதிதாக வருவது இரண்டு விஷயம். ஒன்று கால். காலால் தாளம் சொல்ல ஆறு மாதமாவது பொறுமை வேண்டும். இன்னொன்று சத்தம் குறைத்து மென்மையாக அடிப்பது. ஊர்வலத்தில் கூட்டத்தின் கடைசி ஆள் வரை கேட்க வேண்டும் என்பதால் எல்லா அடியும் பலமாகவே விழுந்து பழகியிருக்கும். ராக்கில் ஸ்நேர் மேல் காதுக்குக் கேட்டும் கேட்காமலும் விழும் சின்ன அடிகள் உண்டு. கோஸ்ட் நோட் என்பார்கள்.

டோட்டோ பேண்டின் ஜெஃப் போர்காரோ 1982-இல் வாசித்த 'ரோஸானா'வைக் கேளுங்கள். அதையும் "தகிட"விலேயே பிடித்துவிடலாம். 'த'வும் 'ட'வும் ஹை-ஹேட்டில், நடுவில் உள்ள 'கி' ஸ்நேரில் மெல்லிய தட்டு. இந்த நடையை டிரம்மர் பெர்னார்ட் பர்டியிடமிருந்தும் பான்ஹமிடமிருந்தும் எடுத்ததாக போர்காரோ வெளிப்படையாகவே சொன்னார். பம்பைக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது கணக்கு அன்றைக்கே வந்துவிட்டது. 'கி'யை அடக்கி வாசிக்கத்தான் மாதங்கள் ஆயின. இப்போது அவன் வாசிப்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சிவமணியை இவர்களோடு ஒப்பிடலாமா?

ஒப்பிட வேண்டாம். சென்னை டிரம்மர் சிவமணி எதை எடுத்தாலும் வாத்தியமாக்கிவிடும் தனி வித்வான். கேட்கிறவர் கவனம் அவர் மேல்தான் இருக்கும். ராக் பேண்ட் டிரம்மர் நாலு பேரில் ஒருவர்.

ஏழு எண்ணிக்கையில் ராக் பாட்டு இருக்கிறதாமே, எப்படி எண்ணுவது?

பிங்க் ஃபிளாய்டின் 'மணி', 1973. பாடும் பகுதி ஏழில் ஓடும், கிட்டார் சோலோ வந்ததும் நாலுக்கு மாறிவிடும். நிக் மேஸன் அந்த ஏழை அலட்டிக்கொள்ளாமல் நடந்துபோகிற மாதிரி வாசிக்கிறார். மிஸ்ர சாபு தெரிந்தவர்களுக்கு ஏழு புதிதில்லை. "தகிட தகதிமி" சொல்லிப் பழகிய பிள்ளைகள் மேற்கத்திய ஏழையும் சீக்கிரம் பிடிக்கிறார்கள். ஆனால் அழுத்தம் விழும் இடம் பாட்டுக்குப் பாட்டு மாறும் என்பதால், முதலில் பேஸ் கிட்டாரைக் கேட்டு அதன் பிரிவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டூல் பேண்டின் டேனி கேரி இந்த மாதிரிக் கணக்குகளில் மன்னன். அவர் அலோக் தத்தாவிடம் தபலா கற்றவர். அவர் டாம்களில் உருட்டுவதைக் கேட்டால் அது தெரியும்.

நான் இடக்கை. கிட்டை மாற்றி அடுக்க வேண்டுமா?

டீப் பர்பிளின் இயான் பெய்ஸும் ஜெனிசிஸின் ஃபில் காலின்ஸும் மாற்றி அடுக்கினார்கள். ரிங்கோ மாற்றவில்லை. சொந்தக் கிட் இருந்தால் மாற்றுங்கள். கச்சேரிக்குக் கச்சேரி அடுத்தவர் கிட்டில் உட்காரப் போகிறீர்கள் என்றால் மாற்றாமல் பழகுவது நல்லது.

ரெக்கார்டில் கேட்கும் அந்தக் கனமான சத்தம் மண்டபத்தில் வருவதில்லையே, ஏன்?

அந்தச் சத்தத்தில் பாதி அறையின் வேலை. லெட் செப்பலின் நாலாவது ஆல்பத்தில் (1971) 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டுக்கு, இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே பான்ஹமின் கிட்டை வைத்தார்கள். மைக்கை மேலே மாடிப்படியிலிருந்து தொங்கவிட்டார்கள். சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம்தான் நீங்கள் கேட்பது. ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்', 1981, வேறு வகை. அதில் எதிரொலியைப் பெரிதாக எழுப்பி, அது அடங்குவதற்குள் கருவியால் சட்டென்று வெட்டிவிட்டார்கள்.

நம் கல்யாண மண்டபங்களில் எதிரொலி இருக்கிறது, கட்டுப்பாடு இல்லை. சிம்பல் சத்தம் கூரையில் பட்டு எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் மண்டபத்தில் சிம்பலைப் பாதி பலத்தில் அடியுங்கள், கிக் டிரம்முக்குள் ஒரு போர்வை போடுங்கள், ஸ்நேர் மேல் ரிங்கோ மாதிரி ஒரு துண்டு. கோயில் திடலில் இதற்கு நேர்மாறு. சுவரே இல்லாததால் சத்தம் போய்க்கொண்டே இருக்கும், துண்டை எடுத்துவிடுங்கள்.

டிரம் தோலைப் பற்றியும் கேட்கிறார்கள். 1950-களின் பிற்பகுதி வரை டிரம் கிட்டிலும் கன்றுத்தோல்தான். மழை வந்தால் தொய்யும். பிளாஸ்டிக் தோல் வந்த பிறகுதான் எவ்வளவு பலமாக அடித்தாலும் எந்தக் காற்றிலும் சுதி நின்றது. ராக் டிரம்மர்கள் அப்படி ஓங்கி அடிக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பறையை நெருப்பில் காய்ச்சி வாசிக்கும் நமக்கு இது சொல்லாமலே புரியும்.

என் மகள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைகள் வாசிக்கிறார்களா?

கண்டிப்பாக அனுப்புங்கள் அம்மா. வெல்வெட் அண்டர்கிரவுண்ட் பேண்டின் மோ டக்கர் 1960-களில் கிக் டிரம்மைப் படுக்க வைத்து, நின்றுகொண்டே மேலட்டால் (தலை தடித்த கோல்) அடித்தார். அதற்கு முன் ராக்கில் அப்படி ஒரு சத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் மெக் ஒயிட்டைச் சிலர் "ரொம்ப எளிமை" என்று குறை சொல்வார்கள். இரண்டே பேர் உள்ள பேண்ட் அது. அவர் அடி அவ்வளவு திறந்து கிடந்ததால்தான் கிட்டார் இஷ்டத்துக்குத் திரிய முடிந்தது. டிரம்ஸுக்குத் தோள்பலத்தைவிட மணிக்கட்டுதான் முக்கியம்.

எனக்கு முப்பது தாண்டிவிட்டது. இனி ஸ்டைலை மாற்ற முடியுமா?

ரஷ் பேண்டின் நீல் பெர்ட்டைப் பாருங்கள். 1974-இல் சேர்ந்தவர், அந்த பேண்டின் பெரும்பாலான பாட்டு வரிகளையும் எழுதியவர். உலகமே குருவாக நினைத்த நேரத்தில், 1990-களின் நடுவில், நாற்பது வயதுக்கு மேல் ஃப்ரெடி குரூபர் என்ற ஆசிரியரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். ஸ்டிக் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார். 2020-இல் இறக்கும்வரை டிரம்மர்கள் அவரை மதித்ததில் இதற்கும் பங்குண்டு.

டெஃப் லெப்பர்ட் பேண்டின் ரிக் ஆலன் 1984-இன் கடைசி நாளில் நடந்த கார் விபத்தில் இடது கையை இழந்தார். இடது கையின் வேலையைக் காலுக்கு மாற்றி, பெடல்கள் வைத்த எலக்ட்ரானிக் கிட் ஒன்றை உருவாக்கிக்கொண்டார். 1987-இல் 'ஹிஸ்டீரியா' ஆல்பம் வந்தபோதும் அந்த பேண்டின் டிரம்மர் அவர்தான். முப்பது வயதெல்லாம் ஒரு வயதா?

வீட்டில் சத்தம் போட முடியாது. எப்படிப் பழகுவது?

ரப்பர் பேட் ஒன்று போதும். காலுக்குத் தரையில் ஒரு பழைய தலையணை. வசதி இருந்தால் வலைத்தோல் போட்ட எலக்ட்ரானிக் கிட் நல்லது, ஆனால் மாடி வீடு என்றால் கால் பெடலின் அதிர்வு கீழ் வீட்டுக்குக் கேட்கும்.

நேரில் கேட்க வழி உண்டா?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து அதில் பாதிகூட இல்லை. அயர்ன் மெய்டன் 2007-இலும் மெட்டாலிக்கா 2011-இலும் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். பெரிய பேண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். உள்ளூர் பேண்டுகளின் சின்னக் கச்சேரிக்குப் போங்கள். டிரம்மரின் காலைப் பக்கத்திலிருந்து பார்க்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள்.

எங்கள் பேண்ட் திருவிழாவில் வாசிக்கப் போகிறது. நான் யார் மாதிரி வாசிக்கட்டும்?

மேடையில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்று பேர் என்றால் இடம் நிறைய இருக்கிறது. தி போலிஸ் பேண்டின் ஸ்டூவர்ட் கோப்லாண்டைக் கேளுங்கள். ஜமைக்காவின் ரெகே இசைத் தாளத்திலிருந்து எடுத்து, முதல் எண்ணிக்கையைக் காலியாக விட்டு, ஹை-ஹேட்டில் சின்னச் சின்ன வேலைப்பாடு செய்வார். நிர்வானாவில் டேவ் குரோல் அதே மூன்று பேர் இடத்தைப் பலத்தால் நிரப்பினார். 1991-இல் வந்த 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் அந்த அடிகளில் பலவற்றை டிஸ்கோ, ஃபங்க் டிரம்மர்களிடமிருந்து எடுத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு, இரண்டு பாடகர்கள் என்றால் ஃபில் ரட்டும் சார்லி வாட்ஸும்தான் வழி. பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஒரு ஃபில், அதுவும் அடுத்த வரியைத் தொடாமல். மைக் செக்கிலேயே பாடுபவரைப் பக்கத்தில் நிற்க வைத்து முதல் பாட்டின் டெம்போவை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். விளக்கும் கூட்டமும் வந்ததும் எல்லாருக்கும் கை ஓடும். பேஸ் கிட்டார்காரரைக் கிக் டிரம் பக்கம், உங்கள் கண் படும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்.